பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடும் முன்: முழுமையான வழிகாட்டி

திறந்தால் ஐந்து நிமிடம், ஒரு கோப்பைச் சொடுக்கினால் ஒரு நிமிடம் என்று இழுக்கும் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "இது பழைய மாடல், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்பதுதான். இந்தப் பதிலை உடனே நம்பாதீர்கள். 2013 முதல் 2019 வரை விற்ற இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயலியில் குறை இல்லை. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் குறை. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி எனும் சில்லு வட்டைப் போட்டால் கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், வகுப்பைக் கேட்கவும், படம் பார்க்கவும் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் தாராளமாக ஓடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது" என்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறி, நல்ல இயந்திரங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தகுதியற்றது என்றால் பயனற்றது என்று பொருளில்லை.

முதலில் சாதகம் பார்ப்போம்

கையில் இருப்பது காசு செலவழிக்கத் தகுந்ததா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபௌட்' என்று போனால் செயலியின் பெயர் தெரியும். இன்டெல் என்றால் சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. ஐ5-5200யு என்பது ஐந்தாம் தலைமுறை. ஐ5-8250யு என்பது எட்டாம் தலைமுறை.

என் கணக்கு இப்படி. மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 முதல் மேலே உள்ள எதற்கும் தயங்காமல் செலவழிக்கலாம். எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11கூட அதிகாரபூர்வமாக ஏறும். ஏஎம்டி மடிக்கணினிகளில் பொதுவாக ரைசன் 3000 வரிசையிலிருந்து. கோர் 2 டுவோ காலத்து இயந்திரத்துக்கு வீட்டில் சும்மா கிடக்கும் பாகங்களைப் போட்டுப் பார்க்கலாம்; புதிதாகப் பணம் போடாதீர்கள். ஆட்டம் செயலி கொண்ட குட்டி நெட்புக்குகளையும், 32 ஜிபி சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மலிவு மாடல்களையும் விட்டுவிடுங்கள். அவற்றில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரிக்கு மேல் கிடக்கின்றன. தொடக்கக் காலத்து மாடல்களுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பிந்தைய ஆண்டுகளில் வந்தவற்றை, மேலே சொன்ன செயலிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நோய் எங்கே இருக்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியைத் தொடங்கியதும் இதைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளைக் கவனியுங்கள்.

டிஸ்க் பத்தி நீண்ட நேரம் 100 சதவீதத்தில் நின்று, சிபியு 20, 30 என்று சோம்பிக் கிடந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். காரணம் எளிது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரும்வரை முனை காத்திருக்க வேண்டும். ஒரே பெரிய படத்தை நகலெடுக்கும்போது இது தெரியாது. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும். விநாடிக்கு நூறு இடங்களைக்கூட இந்த வட்டால் தொட்டு எடுக்க முடியாது. நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி பல்லாயிரம் இடங்களைத் தொடும். ரேமைக் கூட்டுவது, வைரஸ் தடுப்பு மென்பொருளை மாற்றுவது, 'கிளீனர்' மென்பொருள்களை நிறுவுவது எதுவும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. கிளீனர்கள் சுமையைக் கூட்டத்தான் செய்யும், இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மெமரி எப்போதும் 85, 90 சதவீதத்தில் இருந்தால் ரேமும் போதவில்லை. டிஸ்க்கும் மெமரியும் ஓய்வாக இருக்க, சிபியு மட்டும் ஏறி, மின்விசிறி அலறி, அடிப்பகுதி சுட்டால் அது தூசியும் வெப்பமும் செய்யும் வேலை.

அதே டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் இன்னும் சில தகவல்கள் கிடைக்கும். டிஸ்க்கைச் சொடுக்கினால் அது எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று காட்டும். மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ரேம் துளைகள், அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். ரேமின் வடிவம் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது பலகையில் பற்றவைக்கப்பட்டது. கடைக்குப் போவதற்கு முன் இந்தத் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நலத்தையும் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு அடுத்த பகுதிக்கு உடனே போங்கள்.

நகலெடுக்காமல் திருப்புளியைத் தொடாதீர்கள்

படங்கள், ஆவணங்கள், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஆகிய நான்கு கோப்புறைகளையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் மறந்துபோகிறவை வேறு.

பழைய தமிழ் எழுத்துருக்கள் முதலாவது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பத்திரங்களும் விண்ணப்பங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் உங்களிடம் இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையை மொத்தமாக நகலெடுத்து வையுங்கள். பழைய நிறுவல் குறுந்தகட்டைத் தேடி அலைவது மிச்சம்.

அடுத்தது உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள். அதற்கடுத்தது வட்டு மறையாக்கம். சில மடிக்கணினிகளில் நமக்குத் தெரியாமலேயே விண்டோஸ் வட்டைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் தாய்ப்பலகை மென்பொருள்) அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள்.

விண்டோஸ் பதிப்பின் முழுப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்ற மடிக்கணினிகளில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' மிகுதி. மறுபடி நிறுவும்போது அதே பதிப்பை ஏற்றினால் உரிமம் தானாகச் செல்லுபடியாகும். உரிமம் தாய்ப்பலகையோடு கட்டப்பட்டது. வட்டை மாற்றுவதால் போய்விடாது. "புதிய விண்டோஸுக்குத் தனிக் காசு" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

என்ன வாங்குவது?

உங்கள் மாடல் எண்ணோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்பி நிறுவனங்கள் பல மாடல்களுக்குப் பிரித்துப் பூட்டும் கையேட்டை இலவசமாகவே தருகின்றன. எந்தத் திருகாணி எங்கே, எந்தத் துளை எந்த வகை எல்லாம் அதில் இருக்கும். அரை மணி நேரம் அதைப் படிப்பது, கடையில் அரை நாள் நிற்பதைவிட மேல்.

ஹார்ட் டிஸ்க் இருக்கும் மாடல்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க் செருகும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி பொருந்தும். விநாடிக்கு 550 மெகாபைட் அளவில் படிக்கும். இந்த வேலைக்கு அதுவே மிகை. 2017க்குப் பின் வந்த பல மாடல்களில் ஹார்ட் டிஸ்க்கோடு மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான ஒரு எம்.2 துளையும் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அதிர்ஷ்டம்: எம்.2வில் எஸ்எஸ்டியைப் போட்டு விண்டோஸை அதில் ஏற்றிவிட்டு, பழைய வட்டைப் படங்கள் வைக்கும் கிடங்காக விட்டுவிடலாம். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதற்குள் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் துளைகள் ஏராளம். சேவைக் கையேட்டைப் பார்க்காமல் எம்.2 வாங்காதீர்கள்.

256 ஜிபி போதும். கைவசம் காசு இருந்தால் 500 வாங்குங்கள். பில்லோடு, மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதத்தோடு, பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் இணையத்தில் வாங்கும்போது விற்பனையாளரின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்கு என்று வரும் விளம்பரங்கள் எல்லாம் மோசடி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் பென்டிரைவ் சில்லுதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்.

ரேம் பற்றிச் சுருக்கமாக. 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறைச் செயலிகளுக்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும், 1.5 வோல்ட் டிடிஆர்3 பல இயந்திரங்களில் வேலை செய்யாது. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதால், முதலில் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். 4 ஜிபியோடும் சமாளிக்க முடிந்தால் காசு மிச்சம்.

திறந்து மாற்றுவது

சிறிய பிளஸ் திருப்புளி, காலாவதியான ஏடிஎம் அட்டை, திருகாணிகளைப் போட்டு வைக்க ஒரு தட்டு. இவ்வளவுதான் கருவிகள். விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள்; பறந்துபோகும் குட்டித் திருகாணி கட்டிலுக்கு அடியில்தான் போய் ஒளியும்.

1. கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றும் வகை பேட்டரி என்றால் கழற்றுங்கள்.
2. அடிப்பக்கத் திருகாணிகளை எடுத்து, எது எங்கிருந்து வந்ததோ அதே ஒழுங்கில் தட்டில் வையுங்கள். நீளம் வேறுபடும். நீளமான திருகாணியைத் தவறான துளையில் முடுக்கினால் மறுபக்க விசைப்பலகையைத் துளைத்துவிடும்.
3. மூடியின் ஓரத்தில் அட்டையை விட்டு மெல்ல நெம்புங்கள். எங்காவது அடம்பிடித்தால் அங்கே ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது, பலத்தைக் காட்டாதீர்கள். டிவிடி டிரைவுக்கு அடியிலும் ரப்பர் காலுக்கு உள்ளேயும் தேடிப்பாருங்கள்.
4. உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு எர்த் தொடர்புள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.
5. பழைய வட்டைத் தாங்கியோடு இழுத்து எடுத்து, தாங்கியைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றி, அதே இடத்தில் செருகுங்கள்.

மூடுவதற்கு முன் மின்விசிறியைப் பாருங்கள். வெப்பம் வெளியேறும் தகடுகளின் வாயில் கம்பளி விரித்ததுபோல் தூசி படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் எடுத்துவிட்டு, காற்றடியுங்கள். அடிக்கும்போது விசிறி இதழைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விசிறியின் பேரிங் தேயும். ஏழெட்டு ஆண்டாகப் பிரிக்காத இயந்திரம் என்றால் செயலிக்கு மேலுள்ள வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூடலாம். கை நடுங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கடைக்காரரிடம் விடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதும், மூடி சரியாக மூடாததும் இதன் அடையாளம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது. கழற்றித் தனியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பல மடிக்கணினிகள் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடும். புதியது வரும்வரை அப்படி ஓட்டலாம்.

எந்த இயங்குதளம்?

பழைய வட்டை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா என்று கேட்டால், புதிதாக நிறுவுவதுதான் என் தேர்வு. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பையைப் புதிய வீட்டுக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் நிறுவியைத் தயார் செய்யுங்கள். பென்டிரைவிலிருந்து தொடங்க, கணினியை இயக்கியதும் லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கிவிட வேண்டியிருக்கும். உரிமச் சாவி கேட்கும் இடத்தில் 'என்னிடம் சாவி இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் யோசிக்காமல் விண்டோஸ் 11. அதற்குக் கீழே என்றால் இரண்டு வழிகள் உண்டு.

விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். இது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும். 22எச்2 பதிப்பில் இருந்தால், அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைக்க ஒப்புக்கொள்கிறவர்கள் காசில்லாமல் சேரலாம். டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள், டிஜிட்டல் கையொப்பக் கருவி வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள், வானவில் மென்பொருளை நம்பியிருக்கும் தட்டச்சகங்கள் எல்லாரும் விண்டோஸை விட்டு நகர வேண்டாம். கட்டுப்பாடுகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வங்கி வேலை பார்க்கும் கணினியில் அதை நான் செய்யமாட்டேன்.

மற்றவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். விண்டோஸ் 7 பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 என்றால் சினமன். ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு மின்ட்டைப் பென்டிரைவில் எழுதித் தொடங்கினால், எதையும் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், கேமரா, மூடியை மூடித் திறப்பது ஆகிய ஐந்தையும் சோதியுங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் கைப்பேசியை யுஎஸ்பி வழியே இணைத்து 'டெதரிங்' போடுங்கள். இணையம் வந்ததும் டிரைவர் மேனேஜர் பெரும்பாலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். திருப்தியானால் திரையில் உள்ள நிறுவும் படத்தைச் சொடுக்கி, மல்டிமீடியா கோடெக்குகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, முழு வட்டையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பழைய வட்டைக் கழற்றி மேசை மீது வைத்திருந்தால் அழிந்துபோகும் பயம் இல்லை.

அச்சுப்பொறியையும் முன்பே விசாரியுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900க்கு லினக்ஸில் தனி டிரைவர் தேடி நிறுவ வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

தமிழில் தட்டச்சு

மின்ட்டில் மென்பொருள் மேலாளரைத் திறந்து 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவுங்கள். 'இன்புட் மெத்தட்' கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாம் வரிசையாக வரும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99ஐத்தான் சொல்வேன். 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு இது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள்; முதல் 'ம'வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் நினைத்துத் தமிழில் எழுதும் பழக்கமும் விட்டுப்போகும். நகலெடுத்து வைத்த பாமினி, வானவில் எழுத்துருக்களை இல்லக் கோப்புறையில் '.ஃபான்ட்ஸ்' (.fonts) என்ற கோப்புறை செய்து போட்டால், லிப்ரே ஆபீஸில் பழைய ஆவணங்களை வாசிக்க முடியும்.

இனி என் விருப்பங்கள்

உலாவி ஃபயர்ஃபாக்ஸ். குரோமில் பழைய விளம்பரத் தடுப்பான்களை இயக்கிய முறையை கூகுள் நிறுத்திவிட்டதால், யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழு வலிமையோடு இயங்குவது இங்கேதான். பழைய கணினியில் இதன் பலன் ரேம் கூட்டியதற்கு நிகர். விளம்பரம் குவிந்த ஒரு செய்தித் தளத்தைத் தடுப்பானோடும் தடுப்பான் இல்லாமலும் திறந்து பாருங்கள், மெமரிப் பத்தி சொல்லும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் பெயர் தெரியாத எதையும் நிறுத்திவிடலாம். வைரஸ் காப்பையும் டச்பேடையும் மட்டும் நிறுத்தாமல் விடுங்கள். தனி வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். எப்போதும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்கிறவர்கள், நிறுவனம் தந்த மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். சித்திரை வெயிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டுவது விசிறிக்கும் பேட்டரிக்கும் ஒருசேரக் கேடு. ஒரு பலகை வையுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் போட்டு, மாதம் ஒருமுறை நகலெடுக்கும் வட்டாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே அழித்துவிட வேண்டாம்; ஒரு மாதம் பொறுங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கோப்பு கட்டாயம் அதில்தான் இருக்கும். யாருக்காவது கொடுப்பதானால் வெறும் 'டிலீட்' போதாது. வட்டு முழுவதையும் மேலெழுதும் முழு ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுங்கள். மஞ்சள் எச்சரிக்கை காட்டிய வட்டை யாருக்கும் கொடுக்காமல், தட்டில் ஆணி அடித்து மின்கழிவில் சேருங்கள்.